பொடுதலையில் ஏறிய எண்ணெய்

நெட்டப்பாக்கத்தைத் தாண்டி, ஏரிக்கரையை ஒட்டிய மாதா கோயில் தெருவில் போய் "ஆரோக்கியசெல்வி வீடு எது?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று யாருக்கும் பிடிபடாது. "யாரு, டாக்டரம்மாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. காய்ச்சல் என்று போய் நின்றால், "கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போ" என்றுதான் சொல்லுவாள். செடியை எடுத்து, அதற்குள் இருக்கிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது இன்னது என்று பேர் சொல்லுகிற டாக்டர். அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழகம் கொடுப்பதற்குப் பல வருஷம் முன்னாடியே ஊர் கொடுத்துவிட்டது. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

அவள் அப்பா சூசைநாதன் கரும்பு வெட்டியவர். வெட்டுக்கு ஆள் கூப்பிடுவது குறைந்துபோன பிறகு அரிசி ஆலையில் வாட்ச்மேன். அம்மா செங்கமலம் நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவள். வீட்டில் ஒருத்தரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. பெண் மட்டும் எப்படித் தாண்டினாள் என்று கேட்டால் செங்கமலம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். "அது உடும்பு. புடிச்சா வுடாது."

சும்மா பேச்சில்லை அது. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் செய்முறைத் தேர்வில், கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இன்ன உப்புதான் என்று முன் வரிசையிலிருந்து காதோடு காதாகச் செய்தி வந்துவிட்டது. எல்லாரும் அதையே எழுதினார்கள். செல்வியின் சோதனைக் குழாயில் மட்டும் அந்த உப்புக்கு வர வேண்டிய வாடை வரவில்லை. மறுபடி சூடாக்கினாள், வரவில்லை. "எனக்கு வரல, நான் எழுத மாட்டேன்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிவிட்டு, தனக்கு எது வந்ததோ அதை எழுதினாள். அவளுக்குக் கொடுத்தது வேறு உப்புதான். மார்க் வந்தது. கூடவே "திமிர் புடிச்சவ" என்ற பேரும் வந்தது. அந்தப் பேரில் அவளுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

வில்லியனூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சிப் படிப்புக்கு அவளுக்கு இடம் கிடைத்தது. இளைஞர் மன்றத்துத் தலைவன் சார்லஸ் சும்மா இருப்பானா? பஸ் நிறுத்தத்தில் பிளெக்ஸ் பேனர் கட்டிவிட்டான். வெள்ளைக் கோட்டில் செல்வி. கோட்டு யாருடையதோ, தலை மட்டும் அவளுடையது. "எங்கள் மண்ணின் முதல் டாக்டரே!" என்று கொட்டை எழுத்து. "ஆகப் போகும்" என்பது பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். கீழே மன்றத்துப் பையன்களின் முகங்கள் வரிசையாக. மூலையில் கறுப்புக் கண்ணாடியும் மீசையுமாகச் சார்லஸ், செல்வியைவிடக் கொஞ்சமே கொஞ்சம் சின்னதாக.

"அய்யோ, இத கழட்டச் சொல்லுப்பா. இன்னும் சேரவே இல்ல, அதுக்குள்ள டாக்டராம்!" என்று செல்வி குதித்தாள்.

சூசைநாதன் கழற்றச் சொல்லவில்லை. வேலைக்குப் போகிற பஸ் வந்து நின்று கிளம்பிப் போயும், அவர் பேனருக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். ஒரு வாரம் கழித்து அதை அவரே கேட்டு வாங்கி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவந்து, ஈரத்துணியால் துடைத்து, சுருட்டிப் பரண்மேல் வைத்தார். மற்றவர்கள் பழைய பேனரை மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகப் போடுவார்கள், நெல்லைக் கொட்டிக் காயவைப்பார்கள். இந்தப் பேனரை அவர் யாரையும் தொடவிடவில்லை.

ஆராய்ச்சிக்குச் செல்வி எடுத்துக்கொண்ட செடி பொடுதலை. ஏரிக்கரை முழுக்கத் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும், குட்டியூண்டு பூ. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்கள், மூலத்துக்குத் துவையல் அரைப்பார்கள். ஆடுகூட அதை மிதித்துக்கொண்டுதான் போகும். 'இவ்வளவு பேர் காலங்காலமாகத் தின்கிறார்களே, இதற்குள் அப்படி என்னதான் இருக்கிறது?' என்பதுதான் அவள் கேள்வி. இலை சாக்குச் சாக்காக வேண்டும். சாக்கு இலையிலிருந்து கடைசியில் கைக்கு வருவது ஒரு சிட்டிகை. அவளோ ஹாஸ்டலில் இருக்கிறாள். பறிப்பதும் காயவைப்பதும் சூசைநாதன் பொறுப்பாயிற்று.

"தரையில போடாதப்பா, மண்ணு ஒட்டும். உரச் சாக்குல போடாத, உரம் ஏறிக்கும். நல்ல சுத்தமான எடமாப் பாத்துக் காயவை" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

அவர் அப்படியே செய்தார். சருகாகக் காய்ந்த இலையைத் துவைத்த தலையணை உறைகளில் அடைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, கல்லூரி வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். ஒரு குச்சி இருக்காது, ஒரு கல் இருக்காது. "உங்கப்பா கொடுக்கிற மாதிரி இலை யாருக்கும் கிடைக்காதும்மா" என்று வழிகாட்டிப் பேராசிரியர் முத்துக்குமரனே சொல்லுவார். பாகூர்ப் பக்கத்து நெல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்; காய்ந்த சரக்கு எது, காயாத சரக்கு எது என்று அவருக்குத் தெரியும்.

அந்த இலையைப் பொடித்து, ஹெக்சேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைப்பாள். பச்சைப் பிசுக்காக ஒன்று மிஞ்சும். வெள்ளைச் சிலிக்காப் பொடி அடைத்த ஆளுயரக் கண்ணாடிக் குழாயின் தலையில் அதை வைத்து, மேலிருந்து திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். பிசுக்கில் கலந்து கிடக்கிற பொருள்கள் ஒவ்வொன்றும் தன்தன் வேகத்தில் கீழே இறங்கும். கீழே வருவதைத் தனித்தனிக் குழாயில் பிடிக்கவேண்டும். பிடித்ததை ஒரு சின்னச் சிலிக்காத் தட்டில் புள்ளியாக வைத்து ஏறவிட்டு, விளக்கடியில் பார்த்தால், எந்தப் பொருள் எந்த உயரத்தில் நிற்கிறது என்று தெரியும். ஒரே புள்ளியாக நின்றால் ஒரே பொருள். இதையே சளைக்காமல் வருஷக்கணக்கில் செய்யவேண்டும். உடும்புக்கு ஏற்ற வேலை!

அப்படித்தான் அந்த எண்ணெய் வந்தது. நிறமே இல்லை. கெட்டியாக, பளபளவென்று, தட்டில் ஒரே புள்ளி. கிருமி வளர்க்கிற தட்டில் ஒரு துளி வைத்தார்கள். சுற்றிலும் வட்டமாகக் கிருமி ஒதுங்கிக்கொண்டது. எண்ணெயோடு ஒரு மஞ்சள் கறையும் வந்துகொண்டே இருந்தது. அதைத் தொல்லை என்று செல்வி ஒதுக்கித் தள்ளினாள்.

"நம்ம பொடுதலையில இருந்தா?" என்று போனில் கேட்டார் சூசைநாதன்.

"நம்ம பொடுதலையில இருந்துதான்பா."

அவ்வளவுதான். அரிசி ஆலைக்கு வந்துபோகிற லாரிக்காரர்களுக்குக்கூடத் தெரிந்துவிட்டது. கல்லூரி முதல்வர் காதுக்குப் போய், உள்ளூர்ப் பத்திரிகையில் பெட்டிச் செய்தியாகவும் வந்துவிட்டது. சார்லஸ் அடுத்த பேனருக்கு போட்டோ கேட்டு மெசேஜ் அனுப்ப ஆரம்பித்தான்.

அப்புறம், எண்ணெயைச் சோதனைக்கு அனுப்பியிருந்த சென்னையிலிருந்து ரிப்போர்ட் வந்தது. பொருளைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டின் எடையையும் கோடுகளாகக் காட்டுகிற ரிப்போர்ட். எல்லாவற்றிலும் உயரமான கோடு 149 என்ற இடத்தில் நெட்டுக்குத்தாக நின்றது. வேதியியல்காரர்களுக்கு அந்த எண் போலீஸ்காரனுக்குத் தெரிந்த கேடியின் முகம் மாதிரி. தாலேட். பிளாஸ்டிக் விறைத்துப் போகாமல் வளைந்து கொடுப்பதற்காக அதில் கலக்கிற எண்ணெய்.

செல்வி அந்த எண்ணை மறுபடி மறுபடி பார்த்தாள். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு முத்துக்குமரன் அறைக்குப் போனாள்.

"சார், இது பிளாஸ்டிக்ல போடறது சார்."

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். "செடியிலயும் இருக்குன்னு எத்தனையோ பேர் கட்டுரை எழுதியிருக்காங்களேம்மா."

"அவங்க செடியில இருக்கலாம் சார். நம்ம செடியில இருக்கான்னு தெரியணுமே."

"சரி, பாரு" என்றார்.

அவள் பார்த்தாள். பயன்படுத்திய திரவம் ஒவ்வொன்றையும் வற்றவைத்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை. கழுவுகிற பிளாஸ்டிக் குப்பி, ரப்பர் குழாய், மூடி, எதையும் விடவில்லை. எதிலும் அந்தப் புள்ளி இல்லை. அவளுக்கு மெல்ல உயிர் வந்தது. ஆய்வகத்தில் இல்லை என்றால்? இலையோடுதான் வந்திருக்கிறது. இலையோடு வந்தது என்றால் செடியில்தான் இருக்கிறது! அந்தச் சனிக்கிழமை வில்லியனூர் பஸ் நிலையத்தில் அப்பாவுக்குப் பிடித்த காராபூந்தி வாங்கிக்கொண்டு, பாதிச் சிரிப்போடு ஊருக்குப் போனாள்.

அப்பா மொட்டை மாடியில் இருப்பதாக அம்மா சொன்னாள். செல்வி ஏறிப் போனாள்.

நல்ல வெயில். நாலு மூலைக்கும் செங்கல் வைத்து, விரிந்து கிடந்தது பேனர். அதன்மேல் பச்சைப் பொடுதலை. இலைகளுக்கு நடுவே அவளுடைய முகம், யாருடைய கோட்டையோ போட்டுக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தது. அந்த முகத்தின் காதுப் பக்கம் உட்கார்ந்து சூசைநாதன் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தார். சூடேறிய பேனரிலிருந்து, புதுக்குடையை விரித்தால் வருமே, அந்த வாடை வந்தது.

"எப்பவும் இதுலதான் காயவப்பியாப்பா?"

"பின்ன? உன் எலைய வேற எதுல காயவெக்கறது?" என்றார் அவர், இது என்ன கேள்வி என்பது போல. "ஒவ்வொரு வாட்டியும் தொடச்சிட்டுத்தான் விரிப்பன். சாமியார் வந்தாக்கூட இதுல உக்கார வெக்க மாட்டன்."

செல்வி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வருஷம்! எதைச் சொல்லி அழுவது? சுத்தமான இடமாகப் பார்த்துக் காயவை என்றாள். அவர் இந்த வீட்டிலேயே தனக்கு மிக உசந்தது எதுவோ அதன்மேல் காயவைத்திருக்கிறார். இதில் யாரைத் திட்டுவது?

"ஒரு மூலைய வெட்டிக்கறேன்பா. ஒரு டெஸ்ட்டு."

"உன் மூஞ்சில கை வெக்காத" என்றார் சூசைநாதன். "சார்லஸ வெட்டிக்கோ."

திங்கட்கிழமை சார்லஸ் மீசையோடும் கறுப்புக் கண்ணாடியோடும் ஹெக்சேனில் ஊறினான். செல்வி தட்டில் மூன்று புள்ளி வைத்தாள். ஒன்று, நாலு வருஷ எண்ணெய். இன்னொன்று, சார்லஸ் ஊறிய திரவம். மூன்றாவது, அவளே ஞாயிற்றுக்கிழமை பறித்து, காகிதத்தில் பரப்பி, ஹாஸ்டல் அறையில் ராத்திரி முழுக்க மின்விசிறிக்கடியில் உலர்த்திய கொஞ்சம் இலையின் சாறு. விளக்கைப் போட்டாள். முதல் இரண்டும் தோளோடு தோள் ஒரே உயரத்தில் நின்றன. மூன்றாவதில் அந்த உயரத்தில் ஒன்றுமே இல்லை.

முத்துக்குமரன் வெகுநேரம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செல்வி, உன்கிட்ட மறைக்காம சொல்றேன். இந்தச் செடியில இது முதல் தடவையா கிடைச்சிருக்குன்னு எழுதிக் கொடுத்தா, யாரும் ஏன்னு கேக்கப் போறதில்ல. தூக்கிப் போட்டா, கையில ஒண்ணும் கிடையாது. உனக்குப் பதிவு முடியறதுக்கு இன்னும் ஒரு வருஷம்தான். அதுக்குள்ள வேற பொருள் கிடைக்கலன்னா பட்டம் இல்ல. எது பண்ணாலும் நான் உன் பக்கம்தான். எதுன்னு நீ சொல்லு."

"பேனர்ல இருந்ததைப் பொடுதலையில இருக்குன்னு எப்படி சார் எழுதறது? எனக்குக் கை வராது."

"அதான் தெரியுமே" என்று அவர் பெருமூச்சு விட்டார். பிறகு, மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "போ. முதல்ல இருந்து ஆரம்பி" என்றார். அந்த நேரத்தில் அவருக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முதல்வரிடம் சொல்லியாகிவிட்டது. பத்திரிகைச் செய்தி பற்றி அவர் முகம் கோணினார், போகட்டும். சூசைநாதனிடம் சொல்வதுதான் செல்விக்கு மலையாக இருந்தது. ஆனாலும் நேரில் போய், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள்.

அவர் கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தார். "அப்ப நான்தான் கெடுத்தனா?"

"நீ கெடுக்கலப்பா. பேனர்ல இருந்த எண்ணெ சூட்டுல எலையில ஏறிக்கிச்சு. எதுல காயவெக்கணும்னு நான் சொல்லித் தரல."

"ஊரு பூரா சொல்லிட்டனேம்மா" என்றார். "பட்டம் வராதா?"

"வரும்பா. வாங்கிடுவேன்."

"அது எலையில இருந்தே வந்ததா இருந்துட்டுப் போவட்டுமே. யாரு பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டனேப்பா."

அவர் எழுந்து போனார். கை கழுவிவிட்டு வந்து, "ஒண்ணே ஒண்ணு. அப்பன்தான் கெடுத்தான்னு வெளிய தெரிய வேணாம். ஆலையில சிரிப்பானுங்க" என்றார். செல்வி அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். அதற்கப்புறம் அவர் பொடுதலையைத் தொடவே இல்லை. "என் கை பட வேணாம்" என்று ஏரிக்கரைப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

செல்வி விடுமுறை நாள்களில் வந்து தானே பறித்தாள். நடவுக்குப் போகாத நாள்களில் செங்கமலமும் கூட வந்து குனிந்தாள். குனிந்தபடியே புருஷனைத் திட்டினாள். "ரோஷத்த பாரு ரோஷத்த! ஒரு தப்பு பண்ணா கைய வெட்டி எறிஞ்சிடறதா? பொண்ணு ஒண்டியா மாயிது, இவரு தொரை மாதிரி வாட்ச்மேன் வேலைக்குப் போறாரு" என்று அவள் போட்ட சத்தம் கரை முழுக்கக் கேட்டது. மறு வாரம் செல்வி வந்தபோது சூசைநாதன் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எதுல காயவெக்கணும்? வெயில்லயா, நெழல்லயா? துணின்னா எந்தத் துணி? இன்னான்னு வெவரமா சொல்லு. எம்புத்திக்கு எதுவும் செய்ய மாட்டன்."

அவள் சொன்னாள். அவர் செங்கமலத்தின் பழைய நூல் புடவைகளைச் சோப்பு இல்லாமல், நீலம் இல்லாமல் கொதிநீரில் அலசினார். கயிற்றுக் கட்டிலில் விரித்து, மேலும் கீழும் காற்றோடுகிற மாதிரி வீட்டுக்குள்ளேயே இலையைப் பரப்பினார். பெற்ற பெண்ணையே கை கழுவச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே விட்டார். வீட்டில் படுக்க இடமில்லை. மூவரும் சமையல்கட்டில் முடங்கினார்கள். பிளாஸ்டிக் குடத்தோடு தண்ணீர் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரியை, "வெளியவே நில்லு, உள்ள ஆராய்ச்சி நடக்குது!" என்று அதட்டி விரட்டினார். அவள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

அந்த இலையிலிருந்துதான் மஞ்சள் வந்தது. முதல் தடவை தொல்லை என்று ஒதுக்கினாளே, அதே மஞ்சள். இந்தத் தடவை அவள் அதைத் துரத்திப் பிடித்தாள். கண்ணாடிக் குழாயில் மேலே கலங்கிக் கிடந்த பச்சையிலிருந்து பிரிந்து, தனிப் பட்டையாக, வாழைப்பழத் தோல் நிறத்தில் அது இறங்கி வந்த காலையில், ஆய்வகத்தில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். வற்றவைத்தால் மஞ்சள் தூள். தட்டில் ஒற்றைப் புள்ளி. சென்னையிலிருந்து வந்த கோடுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, இந்தக் கோடு இந்த ஹைட்ரஜனுடையது, இந்தக் கோடு அந்தக் கார்பனுடையது என்று ஒவ்வொன்றாகப் பொருத்தினாள். ஒரு கோடும் அநாதையாக நிற்கவில்லை. யூபாஃபோலின் என்ற பொருள் அது.

"புதுசு இல்லையேம்மா" என்றார் முத்துக்குமரன். "ஏற்கெனவே பேர் வச்சது. இதே செடியில வெளிநாட்டுல பாத்திருக்காங்க."

"புதுசு இல்லதான் சார். ஆனா செடியோடது. யார் வந்து பறிச்சாலும் இது வரும்."

அவர் எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார். பேனர் எண்ணெய் கதையும் ஆய்வேட்டில் ஒரு தனி அத்தியாயமாக வரவேண்டும் என்று செல்வி பிடிவாதம் பிடித்தாள். அடுத்து ஒருத்தர் அதே பள்ளத்தில் விழக்கூடாது இல்லையா? "உலர்த்தும்போது பயன்படுத்திய பிளெக்ஸ் விரிப்பிலிருந்து" என்று உள்ளதை உள்ளபடி எழுதினாள். உலர்த்தியவர் பேரை மட்டும் எழுதவில்லை.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வைப் பொது அரங்கத்தில், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கிற மாதிரித்தான் நடத்துவார்கள். வீட்டாட்கள் வருவதும், எல்லாருக்கும் சமோசாவும் காப்பியும் கொடுப்பதும் வழக்கம். சூசைநாதன் மாதா திருவிழாவுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். செங்கமலம் பட்டுப்புடவையில் வந்தாள். சார்லஸ் ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்துவிட்டான்; அரிசி ஆலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். கடைசி மூன்று வரிசையும் அவர்கள்தான்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு அம்மையார். கிராப்புத் தலை, கறார் பேச்சு. செல்வி படம் படமாகப் போட்டு இங்கிலீஷில் விளக்கினாள். அம்மையார் கேள்விமேல் கேள்வியாகத் தொடுத்தார். கேட்டு முடிக்கும் முன்னே பதில் வந்து விழுந்தது. பின்வரிசைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பதிலுக்கும் சார்லஸ் தொடையில் தட்டிக்கொண்டான்.

கடைசியில் அம்மையார் பேனர் அத்தியாயத்தைத் திறந்தார். தமிழுக்கு மாறினார்.

"இந்த அத்தியாயம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. இதை மறைச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காது. ஆனா ஒண்ணு இடிக்குதே. மத்த எல்லாத்தையும் இம்மி பிசகாம எழுதியிருக்கீங்க. காயவெச்சது யாரு, ஏன் பேனர்ல காயவெச்சாங்கன்னு மட்டும் இல்ல. கூலிக்கு ஆள் வெச்சீங்களா? கடையில வாங்கினீங்களா?"

செல்வி வாய் திறந்தாள், மூடினாள். அதுவரைக்கும் ஒரு கேள்விக்கும் தடுமாறாதவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூலி ஆள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தை அவளுக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லலாம் என்றால் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாள். அரங்கமே அவளைப் பார்த்தது. முத்துக்குமரன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

பின்வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. சூசைநாதன் எழுந்து நின்றிருந்தார்.

"நான்தாம்மா காயவச்சன். அது சொல்லாது. சொல்லாதன்னு நான்தான் கேட்டுக்கினன்."

ஆலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அவர்கள் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஏங்கய்யா பேனர்ல?" என்று கேட்டார் அம்மையார், குரலைத் தணித்துக்கொண்டு.

"அதுல எம்பொண்ணு மூஞ்சி இருந்துச்சிம்மா. வூட்லயே சுத்தமானது அதுதான்னு நெனச்சன்." அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "ரெண்டாவது வாட்டி நல்லதும் நான்தான் காயவச்சன். அது அவ சொன்ன மாதிரி."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, எழுந்து, "பட்டத்துக்குப் பரிந்துரை செய்யறேன்" என்று அறிவித்தார். "ஒரே ஒரு திருத்தம். இவர் பேர் இல்லாம இந்த ஆய்வேடு முழுமை ஆகாது. இன்னைக்கே சேர்த்துக் காட்டுங்க." கைதட்டல் முன்வரிசையில்தான் தொடங்கியது. பின்வரிசையில் அது விசிலாக மாறியது. ஆலைக்காரர்கள் சூசைநாதனின் முதுகில் தட்டி அவரை நிற்கவிடவில்லை.

சமோசா ஆறிக்கொண்டிருந்தது. செல்வி அங்கேயே லேப்டாப்பைத் திறந்து தட்டினாள். அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, துடைக்கவும் இல்லை. சூசைநாதன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"இன்னா எழுதன? படி."

செல்வி தமிழில் படித்தாள். "இலைகளைப் பறித்து உலர்த்தியவர், நெட்டப்பாக்கம் சூசைநாதன். முதல் முறையும், இரண்டாம் முறையும்."

"சத்தமா படி" என்றார் அவர். "அம்மாவுக்குக் கேக்கல."

செங்கமலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயேதான் நின்றிருந்தாள்.